வேவுக்காரனுக்குக் காதல் வந்தால்

சரித்திரத் தொடர்கதை எழுதுகிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. முடிவு என்ன என்பதை வாசகர் பாடப்புத்தகத்திலேயே படித்துவிட்டு வருகிறார். 1761இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைத்தளபதி யூசுப்கானின் பீரங்கிகளுக்கு முன் நெல்கட்டும்செவல் விழுந்தது. வாசுதேவநல்லூரும் பனையூரும் உடன் விழுந்தன. இந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். அப்புறம் எதை நம்பி அத்தியாயத்தின் கடைசியில் ‘தொடரும்’ என்று போடுவது?

ராயகிரியில் இருந்துகொண்டு, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காகப் பாளையக்காரர் காலத்து ஒற்றர் கதை எழுதிவருகிறார் ஒருவர். சிவகாசி அச்சகம் ஒன்றில் புரூப் பார்த்தவர். அடுத்தவர் எழுத்தில் பிழை தேடித் தேடி, தன் எழுத்திலும் பிழை பொறுக்காதவர். போர் எந்த நாள் நடந்தது என்பதில் அவருக்கு அக்கறை குறைவு. போர் வருகிறது என்ற சேதி எந்த ஊருக்கு, யார் வாய்வழியாக, என்றைக்கு வந்து சேர்ந்தது என்பதில்தான் அவருடைய கதை ஓடுகிறது. முடிவு வாசகருக்குத் தெரியும். கதையில் உள்ளவர்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் ஒற்றன் நடமாடுகிறான்.

ராயகிரி இதற்கு வாய்ப்பான இடம். மேற்கே மலைத்தொடர் சுவராக நிற்கிறது. சிவகிரி, வாசுதேவநல்லூர், நெல்கட்டும்செவல், சங்கரன்கோவில் என்று கதைக்கு வேண்டிய ஊர்கள் எல்லாம் சுற்றிலும் இருக்கின்றன. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஓர் அத்தியாயத்தின் வழித்தடத்தை மனசுக்குள் நடந்து பார்த்துவிடலாம். மெய்யாகவே நடந்தும் பார்க்கிறார். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி சுமார் 55 கிலோமீட்டர். நல்ல நடைக்காரன் பொழுது சாய்ந்து கிளம்பினால், இடையில் கொஞ்சம் கண்ணயர்ந்தாலும், மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரலாம். போகிற வழியில் ஆற்றில் தண்ணீர் இருந்தால் கணக்கு மாறும். நிலா இருந்தால் நடை வேகமாகும், ஆனால் மறைவு போகும். எனவே ஒவ்வொரு இரவுக் காட்சிக்கும் அன்றைக்குப் பிறை எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறார். பௌர்ணமியன்று கும்மிருட்டில் கோட்டைச் சுவர் ஏறும் கதாநாயகர்கள் தமிழில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

அவருடைய முதல் தொடர் 1755இல் தொடங்குகிறது. அந்த ஆண்டுதான் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான், ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானுடன் தெற்கே கப்பம் வசூலிக்க இறங்கினான். நெல்கட்டும்செவல் கோட்டைக்கு வெளியே நின்றுகொண்டு, அந்தப் பாளையக்காரர் பூலித்தேவரிடம் 20,000 ரூபாய் கேட்டான். பூலித்தேவர் கொடுக்கவில்லை. படைக்குத் தானியமும் பணமும் தட்டுப்பட, ஹெரான் வந்த வழியே திரும்பினான். திரும்பும்போது நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவன் படையை மடக்கி அடித்தார்கள். திருமோகூர்ப் பக்கம் கோயிலில் அவன் ஆட்கள் கொள்ளையிட்ட சிலைகளை மீட்டார்கள். சென்னைக்குப் போனதும் ராணுவ விசாரணை, வேலையும் போயிற்று.

வரலாற்றாசிரியர் இதை ஒரு பத்தியில் முடித்துவிடுவார். ராயகிரிக்காரர் அந்தப் பத்தியின் நடுவில் நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்டார். மண்கோட்டைக்குள் இருப்பவருக்கு, வெளியே துப்பாக்கியோடு நிற்கும் படையிடம் ‘முடியாது’ என்று சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? வீரம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அது பாதிப் பதில்தான் என்பது இவர் எண்ணம். வெளியே இருப்பவனின் பானை காலி என்பதை உள்ளே இருப்பவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். முகாமுக்குள் மோர் விற்கப் போனவளாக இருக்கலாம், மாட்டுக்குப் புல் கட்டிக்கொண்டு போனவனாக இருக்கலாம். அந்த ‘யாரோ’தான் தொடரின் நாயகன் ஆனான், அவனோடு நாயகியும் வந்தாள்.

ஆவணங்களில் இந்த ‘யாரோ’வுக்குப் பெயர் இருப்பதில்லை. கம்பெனியின் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம், 1881இல் திருநெல்வேலிச் சரித்திரம் வெளியிட்ட கால்டுவெல், 1914இல் யூசுப்கானைப் பற்றி நூல் எழுதிய எஸ்.சி. ஹில் என்று வரிசையாகப் படித்தால், தளபதிகளுக்குப் பெயர் உண்டு, பீரங்கிகளுக்கு எடை உண்டு. சேதி கொண்டுவந்தவன் மட்டும் ‘அர்க்காரா’, ‘ஓர் ஆள்’. அது இயல்புதான்; பெயர் எழுதி வைத்திருந்தால் அவன் தலை தப்பியிருக்காது. தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் சதிகாரர்களின் பெயர் துல்லியமாகக் கிடைப்பது அபூர்வம். ஆதித்த கரிகாலன் கொலையில் ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்ற பெயர்கள் நமக்குத் தெரியும் என்றால், காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டில் அவர்களுடைய உறவினர் நிலத்தைப் பற்றிய அரச ஆணை வெட்டப்பட்டிருப்பதால்தான். நிலம் சம்பந்தப்படாவிட்டால் கல்லில் ஏறியிருக்க மாட்டார்கள். கல்கி அந்த ரவிதாசனை எடுத்துக்கொண்டு என்ன பாடு படுத்தினார் என்பது ‘பொன்னியின் செல்வன்’ படித்த எல்லோருக்கும் தெரியும்.

கல்கியைப் பற்றிப் பேசாமல் தமிழில் ஒற்றர் கதை பேச முடியாது. 1944 முதல் 1946 வரை வந்த ‘சிவகாமியின் சபதம்’, புலிகேசியின் படையெடுப்பு நெருங்கும் காஞ்சியில் தொடங்குகிறது. படிப்புக்காக ஊரைவிட்டு வந்த பரஞ்சோதி கையில் ஓர் ஓலையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அஜந்தா வர்ண ரகசியம் கேட்கும் ஓலை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அதில் இருப்பது வேறு. வழியில் வஜ்ரபாகு என்ற வீரனாக வேடம் போட்ட மகேந்திர பல்லவரே அதை மாற்றிவிடுகிறார். தான் எதைச் சுமக்கிறோம் என்று தெரியாமலே சுமக்கும் இளைஞன்: இளையோருக்கான ஒற்றர் கதைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை என்று ராயகிரிக்காரர் சத்தியம் செய்வார். ஆனால் கல்கி எழுதியது அரசர்களின் ஒற்று. அங்கே வேவு பார்ப்பவனே மன்னனாக இருப்பான். பாளையத்து வேவுக்காரனுக்கு அந்தச் சொகுசு கிடையாது.

இவருக்கு அந்த ருசி கல்கியிடமிருந்து மட்டும் வரவில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியிலிருந்து கிளம்பியது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் லயன், ராணி காமிக்ஸ் எல்லாம் கடைக்கு வந்தன. கரண்ட் பாய்ந்ததும் மறைந்துபோகும் உளவாளியைப் படித்து வளர்ந்த கை, 1755க்குப் போனதும் திக்குமுக்காடியது. மறைவதற்குக் கரண்ட் இல்லை. என்ன இருக்கிறது?

திருக்குறள் இருக்கிறது. 59ஆம் அதிகாரம், ஒற்றாடல். பள்ளியில் மனப்பாடப் பகுதியாகக் கடந்துபோன அந்தப் பத்துக் குறளையும் தொழில்கையேடாகப் படித்தவர் இவர். ஐயம் தராத தோற்றம் வேண்டும், முறைத்துப் பார்த்தால் கலங்கக் கூடாது, எது நேர்ந்தாலும் உள்ளதை வெளியிடக் கூடாது; துறவி வேடத்தில் எந்த இடத்துக்கும் போகலாம்; ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்யக் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலாக இரண்டு விதிகள்: ஓர் ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்துவந்தால்தான் நம்ப வேண்டும்.

அந்த இரண்டு விதிகளிலிருந்துதான் அவருடைய காதல் கதை முளைத்தது. வாசுதேவநல்லூர்க் கோட்டைக்குச் சேதி சுமக்கும் பையன். வெளியே முகாமில் மோர் விற்கும் பெண். முகாமில் எத்தனை மூட்டை அரிசி மிச்சம், எந்தப் பட்டாளத்துக்குச் சம்பளம் நின்றது என்பதை அவள் பேச்சுவாக்கில் சொல்ல, அவன் கோட்டையில் போய்ச் சொல்கிறான். காதல் உண்மை, ஆனால் சேதியும் போகிறது. குறள் படித்த தலைவன் சும்மா இருப்பானா? அவள் சொன்னது மெய்தானா என்று பார்க்க இன்னொருவனை அனுப்புகிறான். அந்த இன்னொருவன் அவளிடமே வந்து பேச்சுக் கொடுக்கிறான். அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிகிறது, தான் சொன்ன வார்த்தையெல்லாம் எங்கே போயிற்று என்று. ஆறேழு அத்தியாயத்துக்குத் துப்பாக்கிச் சத்தமே இல்லை. தொடரில் வாசகர்கள் அதிகம் சண்டை போட்டது அந்த அத்தியாயங்களைப் பற்றித்தான். அவன் செய்தது துரோகமா இல்லையா என்று பிள்ளைகள் இரண்டு கட்சி கட்டிக்கொண்டார்கள்.

நாயகியின் வயது வேறொரு தொல்லை. கதைக்குப் பதினேழு வயதுப் பெண் வேண்டும். அந்தக் காலத்துச் சிற்றூரில் பதினேழு வயதில் கல்யாணம் ஆகாத பெண் எங்கே இருப்பாள்? கல்கி சிவகாமியை ஆடல்மகள் ஆக்கினார். சாண்டில்யனுக்கு இளவரசிகளும் கடல் கடந்து வந்த அழகிகளும் கைகொடுத்தார்கள். குறவஞ்சி ஒருத்தியை நாயகி ஆக்கலாமா என்று ராயகிரிக்காரரும் யோசித்தார். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பக்கத்து மேலகரத்துக்காரர். பாளையக்காரர் போருக்குச் சில பத்தாண்டுகள் முந்தியவர். ஊர் ஊராகப் போய்க் குறி சொல்பவளுக்குத் திறக்காத வாசல் இல்லை. வேவுக்கு அதைவிட நல்ல வேடம் ஏது? ஆனால் அது ஏற்கெனவே சினிமா தேய்த்துவிட்ட வேடம். கடைசியில், சிறுவயதிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, கட்டியவன் ஏதோ ஒரு படையோடு போய்த் திரும்பாத பெண்ணாக அவளை வைத்தார். தாலி இருக்கிறது, புருஷன் இருக்கிறானா இல்லையா தெரியாது. பிள்ளைகள் படிக்கும் கதையில் இது எதற்கு என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். படித்த பெண்பிள்ளைகள் சுளிக்கவில்லை. அந்தக் காலத்தில் எப்போதும் ஏதாவது ஒரு படை போய்க்கொண்டிருந்தது. திரும்பாதவர்கள் நிறையப் பேர். இளவரசியைவிட இவள் நம்பத்தக்கவள் என்றே இந்தக் கட்டுரையாளருக்கும் தோன்றுகிறது.

பெண்கள் வேவு பார்த்தார்களா என்று கேட்பவர்களுக்கு அவர் புதுச்சேரியைக் காட்டுவார். ஆளுநர் டூப்ளேயின் மனைவி ழான், புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசத் தெரிந்தவர். 1740களில் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை மூண்டபோது அவர் தமக்கென்று ஆட்களை வைத்துச் சென்னைச் சேதிகளை வரவழைத்தார். டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அந்த அம்மாளைக் கண்டால் ஆகாது. 1736 முதல் 1761 வரை நீளும் தமது நாட்குறிப்பில் அந்தப் புகைச்சலை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். எந்த ஊரிலிருந்து கடுதாசி வந்தது, யார் என்ன வதந்தி சொன்னார், அதைக் கேட்டுத் துரை முகம் எப்படிப் போயிற்று என்பதெல்லாம் அதில் கிடைக்கும். ஒற்றர் கதை எழுத விரும்புகிறவர்கள் ஓர்மைப் படிப்பதற்கு முன்னால் பிள்ளையைப் படிக்க வேண்டும் என்பது ராயகிரிக்காரரின் பிடிவாதம்.

இனிக் கொஞ்சம் செடி கொடி. கதாநாயகன் ஒளிந்துகொள்ள ஒரு புதர் வேண்டும் என்று கை தானாகச் சீமைக் கருவேலம் என்று எழுதப்போகும். அது இந்த மண்ணுக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். உண்ணிச்செடியும் அந்த நூற்றாண்டு வரவுதான். ஆகவே 1755இல் ஒளிய வேண்டுமென்றால் கள்ளி, உடை, இலந்தை, பனங்கூட்டம். விளக்கேற்றத் தீப்பெட்டி கிடையாது; உரசும் தீக்குச்சியே 1826இல்தான் பிறக்கிறது. சக்கிமுக்கிக் கல்லைத் தட்ட வேண்டும், சத்தம் கேட்கும். பாளையத்து வீரர்கள் வைத்திருந்த துப்பாக்கியில் கனலும் திரி வேண்டும். இருட்டில் அந்தத் திரியின் சிவப்புப் பொட்டு தெரியும், வாடை வீசும். மழை வந்தால் திரி அணையும். இதெல்லாம் தடைகள் போலத் தோன்றும். கதைக்கு இவைதான் சோறு போடுகின்றன. 1767இல் கம்பெனியின் டொனால்டு கேம்பல் வாசுதேவநல்லூரைப் பீரங்கியால் துளைத்தபோது, உள்ளே இருந்தவர்கள் உடைந்த சுவரைப் பனைமரத்தாலும் வைக்கோலாலும் அடைத்துக்கொண்டே இருந்தார்கள், பிறகு பெருமழையைச் சாக்காக வைத்து வெளியேறிக் காட்டுக்குள் மறைந்தார்கள். மழையில்லாத ராத்திரியாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அந்தக் காலத்து ஒற்றனுக்கு வில்லன் யார் என்பதைக் காட்டிக் கொடுத்தவர், காவல் குடும்பத்தில் பிறந்த ஒரு முதியவர். பாளையங்களில் ஊர்க்காவல், தேசகாவல் என்று முறைகள் உண்டு. களவு போனால் காவல்காரர் ஈடு கட்ட வேண்டும். அதனால் அயலான் கால்தடம் பார்ப்பதில் அவர்களுக்கு அபாரத் தேர்ச்சி. ‘தம்பி, உங்க கதையில அவன் கோட்டைக்குள்ள வாரான், போறான். நாய் கொரைக்கவே இல்லையே?’ என்று கேட்டார் அந்தப் பெரியவர். ‘அதுக்கு என்ன செய்யலாம், தாத்தா?’ ‘காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு பாக்கணும்லா. ஆடி மாசம் மேகாத்து. மேக்க இருந்து வந்தான்னா ஊர் நாய் அம்புட்டும் முழிச்சிக்கிடும். கெழக்க சுத்தி வரச்சொல்லுங்க.’ அந்த அத்தியாயம் புத்தகமாக வரும்போது நாயகன் கிழக்கே சுற்றித்தான் வந்தான்.

வாய்மொழிக் கதைகளில் இந்த வட்டாரத்துக்கென்றே ஓர் ஒற்றர் உண்டு: பூலித்தேவரின் தளபதி ஒண்டிவீரன். சிவகிரிப் பக்கத்துத் தென்மலையில் தங்கியிருந்த எதிரி முகாமுக்குள் வேடம் மாற்றிப் போய், குதிரைக்கொட்டிலில் புல்லுக்கடியில் ஒளிந்தார் என்று சொல்வார்கள். குதிரை கட்டும் முளையை ஒருவன் அடிக்க, அது அவர் கையில் இறங்கியது. மூச்சுக் காட்டாமல் படுத்திருந்து, ஆள் போனதும் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு எழுந்தார். பீரங்கிகளை அவர்கள் பக்கமே திருப்பிவைத்துவிட்டு வெளியேறினார். கம்பெனி எழுதியவற்றில் இந்தக் கதையைத் தேடிப் பயனில்லை. ஆனால் பாளையங்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, 2022இல் அஞ்சல்தலை வந்தது.

இங்கேதான் ராயகிரிக்காரரின் கை நடுங்கும். பூலித்தேவர், ஒண்டிவீரன், பூலித்தேவர் படையின் வெண்ணிக் காலாடி மூவரையும் ஒவ்வொரு சமூகம் தன் முன்னோராகக் கொண்டாடுகிறது. சிலை, கொடி, விழா எல்லாம் உண்டு. கற்பனை ஒற்றனாக இருந்தாலும், படித்த முதல் ஆள் கேட்கும் கேள்வி ‘பையன் எந்த ஆளுக?’ என்பதுதான். இவர் அதைக் கதையில் சொல்லவே இல்லை. அது தந்திரம்தான். 1755இல் ஒருவன் எந்தக் கிணற்றில் தண்ணீர் குடிக்கலாம், எந்தத் தெருவில் செருப்போடு நடக்கலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. வேடம் போடுவதற்கே அதுதான் முதல் தடை. அதை மறைத்துவிட்டு வேவு எழுதினால் நாய், நிலா, காற்று எல்லாம் சரியாக இருந்தும் பாதி உலகம் விட்டுப்போகிறது. இரண்டாம் தொடரில் அவர் கொஞ்சம் துணிந்தார். பையன் ஒரு தெருவுக்குள் நுழைய முடியாமல் நிற்கும் அத்தியாயம் அதில் இருக்கிறது. தெருவின் பெயரும் அவன் சாதியும் அங்கேயும் இல்லை, வாசகர்களுக்குப் புரிகிறது.

பள்ளிகளுக்குப் பேசப் போகும்போது ‘எங்க வயசுல நெசமாவே வேவு பாத்தவங்க உண்டா?’ என்று கேட்பார்கள். 1927இல் ரங்கூனில் பிறந்த தமிழ்ப்பெண் சரஸ்வதி ராஜாமணியைப் பற்றிச் சொல்வார். பதினாறு வயது வாக்கில் நேதாஜியின் படையில் சேர்ந்து, மணி என்ற பையனாக வேடமிட்டு ஆங்கிலேய அதிகாரிகளின் இடங்களில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே சேதி சேகரித்தவர். பிடிபட்ட தோழியை மீட்கும்போது காலில் குண்டு பட்டது. பெரும்பாலும் இவை அவரே முதுமையில் சென்னையில் பேட்டிகளில் சொன்னவை. 2018இல் காலமானார். நூர் இனாயத் கானையும் சொல்வார். 1939இல் புத்த ஜாதகக் கதைகளைச் சிறுவர்களுக்காக எழுதி வெளியிட்ட பெண், 1943இல் பாரீஸில் ரகசிய வானொலி இயக்கும் உளவாளி ஆனார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் டாக்காவ் முகாமில் சுட்டுக்கொல்லப்பட்டார். சிறுவர் கதை எழுதுகிறவர்களில் இப்படியும் ஒருவர் உண்டு என்று சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

பூலித்தேவர் தொடரை முடிப்பதில்தான் சிக்கல். சிறைப்பட்டு வந்தவர் சங்கரன்கோவிலில் சாமி கும்பிட அனுமதி கேட்டு உள்ளே போய்ச் சோதியில் மறைந்தார் என்பது ஊர் நம்பிக்கை. கோயிலில் பூலித்தேவர் அறையும் இருக்கிறது. மறைந்தார் என்று எழுதினால் புரூப் பார்த்த புத்தி இடிக்கும். தப்பினார் என்று எழுதினால் ஆதாரம் கேட்பார்கள், நம்பிக்கையும் புண்படும். மோர் விற்ற பெண்ணையே கோயில் வாசலில் நிறுத்தினார். அவள் உள்ளே பார்க்கவில்லை. வெளியே வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மூன்று பேர் சொல்லும் ஒத்துவராத மூன்று சேதிகளோடு தொடர் முடிகிறது. குறள்படி எதையும் நம்பக் கூடாது.

இப்போது அவர் மேசையில் இருப்பது மதுரை. கம்பெனிக்காக நெல்கட்டும்செவலை உடைத்த அதே யூசுப்கான், 1763இல் கம்பெனியை எதிர்த்து நின்றான். கோட்டை விழவில்லை, உள்ளிருந்தே பிடித்துக் கொடுக்கப்பட்டான். திவான் சீனிவாசராவ், பிரெஞ்சுத் தளபதி மார்ச்சாண்ட், பாபா சாகிப் என்று பெயர்கள் எல்லாம் கிடைக்கின்றன. 1764 அக்டோபர் 15 அன்று மதுரைச் சம்மட்டிபுரத்தில் தூக்கு. அவன் மனைவி மாசா, போர்த்துக்கீசிய வழியில் வந்த பெண். தளபதிகளையும் துரோகிகளையும் பற்றி எழுதியவர்கள் மாசாவை ஓரிரு வரியில் விட்டுவிட்டார்கள். ராயகிரிக்காரர் அவள் வாய்வழியாகவே கதையைச் சொல்லத் தீர்மானித்திருக்கிறார். முதல் அத்தியாயம் முற்றுகைக்குச் சற்று முன், மதுரைச் சந்தையில் அரிசி விலை ஏறுவதில் தொடங்குகிறது. ஏற்றியது யார் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.